கழுவி வைத்த கல்

கற்பூரச் சம்புடத்தின் மூடி படக்கென்று கழன்ற அந்த நொடி இன்னும் என் விரல்களில் இருக்கிறது. ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை. ரங்கூன் மழை பதினைந்து நாளாக விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. தீக்குச்சி பற்றவில்லை, உப்பு ஜாடியில் தண்ணீர் நின்றது, என் ஒரே தோல் செருப்பில் பச்சை பூத்திருந்தது. சாமி படத்துக்கு விளக்கேற்ற உட்கார்ந்த அக்காள், மூடி இறுகிவிட்டதென்று பித்தளைச் சம்புடத்தை என்னிடம் நீட்டினாள். துண்டைச் சுற்றிப் பிடித்துத் திருகினேன். கழன்ற மூடியின் உட்புறம் முழுக்க வெள்ளை வெளேரென்று கற்பூரம் பூத்திருந்தது. அடியிலிருந்த கட்டி ஆவியாகி, நடுவில் எங்கும் தண்ணீராகாமல், நேரே மேலே போய்க் குளிர்ந்த பித்தளையில் மறுபடி கட்டியாக உட்கார்ந்திருக்கிறது. இதைக் கல்லூரியில் படித்தேன், பரீட்சையிலும் எழுதினேன். எழுதிய நாளில் ஒன்றும் தோன்றவில்லை. அந்த வெள்ளிக்கிழமை தோன்றியதற்குக் காரணம், சம்புடத்தின் அடியில் கற்பூரக் கட்டிகளுக்கு நடுவே அக்காள் போட்டு வைத்திருந்த ஒரு துண்டுக் கல். சுண்டுவிரல் நகத்தளவு, கத்தரிப்பூ நிறம், முனை மழுங்காத சின்னச் சின்னப் பட்டைகள். மாசி மாதத்தில் ஒரு எரிமலைத் தீவிலிருந்து அத்தான் கொண்டுவந்தது. கொண்டுவந்த அன்று எப்படி மின்னியதோ அப்படியே மின்னிற்று.

அதே கல்லின் இன்னொரு துண்டைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் பலகையில் வைத்திருந்தோம். எட்டிப் பார்த்தேன். கல்லைக் காணோம். நாவல்பழக் கறை போல ஒரு வட்டம், நடுவே கொஞ்சம் கறுப்புப் பொடி. அவ்வளவுதான். அப்போதுதான் விளங்கியது. இந்தக் கல்லும், கற்பூரம் மூடியில் பூத்த மாதிரி, பூத்ததுதான். மலை விட்ட மூச்சு பாறை வாயில் குளிர்ந்து கல்லாகியிருக்கிறது. இதற்குத் தண்ணீர்தான் எமன். ஈரக்காற்று பட்டாலே கரைந்துபோகிற கல்லை, வருஷத்தில் பாதி மழை பெய்கிற இந்தக் கடலில், யார் எடுத்து வந்து பார்த்திருக்கப்போகிறார்கள்?

“அக்கா, இதை இதுவரைக்கும் எவனுமே பாத்திருக்க மாட்டான்!” என்று கத்தினேன்.

“சாமி முன்னாடி கத்தாதே. முதல்ல கற்பூரத்தை எடு” என்றாள் அக்காள்.

அத்தான் என் அக்காளின் கணவர். கலங்கரை விளக்கங்களுக்கு அரிசியும் எண்ணெயும் கொண்டுபோகிற சர்க்கார் கப்பலில் பயர்மேன், அதாவது பாய்லர் அடுப்புக்குக் கரி வாரிப் போடுகிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவர். ஆனால் தீயை அவர் பார்க்கிற பார்வையை நான் எந்த வாத்தியாரிடமும் கண்டதில்லை. கப்பல் துறையில் நிற்கும் நாட்களில் புகைப்போக்கிக்குள் இறங்கிப் படிந்ததையெல்லாம் சுரண்ட வேண்டும். அடுப்பை ஒட்டி ஒரு நிறம், நாலு முழம் தள்ளி வேறு நிறம், வாய்ப்பக்கம் இன்னொன்று என்று வரிசை தவறாமல் சொல்வார். மழை இல்லாத மாதங்களில் அவருடைய கப்பல் அந்தமானுக்குக் கிழக்கே, ஆள் இல்லாத அந்தத் தீவை இரண்டொரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு வரும். அந்த மாசியில் கரையிறங்கிய மற்றவர்கள் வெந்நீர் ஊற்றில் குளித்துக்கொண்டிருந்தபோது இவர் மட்டும் சாம்பல் சரிவில் ஏறி, உச்சியில் ஆவி சீறுகிற வெடிப்புகளைப் போய்ப் பார்த்திருக்கிறார்.

“அதுவும் ஒரு பாய்லர்தான் மச்சான். கட்டினவன்தான் கதவு வைக்க மறந்துட்டான்” என்றார் வந்ததும். “வாய்க்குத் தூரத்துல மஞ்சள். அது கந்தகம், எல்லாருக்கும் தெரியும். உள்ளே வந்தா வெள்ளை. அது நவச்சாரம், ஈயம் பூசுறவன் பையில பாத்திருக்கேன். வாயை ஒட்டி, கை வைக்க முடியாத சூட்டுல, இந்தக் கத்தரிப்பூ. இது என்னது? நீ படிச்சவன்தானே, சொல்லு.”

“தெரியலே அத்தான்.”

“அப்ப உன் படிப்புக்கும் என் கரிக்கும் ஒரே மார்க்கு.”

நான் அப்போது ஒரு தனியார் ஆபீஸில் உதவியாளன். தெற்கே தகரச் சுரங்கம் வைத்திருப்பவர்கள் அனுப்புகிற கற்களைச் சோதித்து இன்னது இருக்கிறது, இன்னது இல்லை என்று எழுதித் தருகிற இடம். சம்புடத்துத் துண்டை மத்தியான இடைவேளைகளில் கொஞ்சம் கொஞ்சமாக, தீரும்வரை சோதித்தேன். சுண்ணாம்போடு வைத்து இடித்தபோது நவச்சாரத்துக்கு வருகிற அதே மூக்கைத் துளைக்கும் நெடி வந்தது. ஆனால் நவச்சாரம் வெள்ளை, இது கத்தரிப்பூ. தீயில் காட்டினால் நவச்சாரம் காட்டாத ஒரு பச்சை. முழுக்க ஆவியாகிப் போகும் என்று பார்த்தால் தகட்டில் கறுப்பாக ஒரு மிச்சம். ஆபீஸிலிருந்த தடிப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஒவ்வொரு குணமும் ஒவ்வொரு கல்லுக்கு இருந்தது. மூன்றும் சேர்ந்த கல் ஒன்றுகூட இல்லை. அது புதிய கனிமம் என்று நான் இன்றைக்கும் சத்தியம் செய்ய மாட்டேன். நகத்தளவுத் துண்டைக் கொண்டு சத்தியம் செய்கிறவன் மடையன். நிறையக் கல் வேண்டும், நல்ல தராசு வேண்டும், என்னைவிடப் பெரிய ரசாயனக்காரன் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வழி இருந்தது. அந்த வழியை அடைத்தார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மூன்று வருஷம் ஆகியும் பொறுக்க முடியவில்லை.

மழை ஓய்ந்து கப்பல் மறுபடி கிளம்புவதற்குள் நானும் அத்தானும் ஏற்பாடெல்லாம் செய்தோம். வாய் அகன்ற கண்ணாடி ஜாடி ஒன்று. ஈரத்தை உறிஞ்ச உள்ளே சுண்ணாம்பு வைக்கலாம் என்றால், சுண்ணாம்பு பட்டால் இந்தக் கல் கெட்டுப்போகும். அக்காள்தான் உப்பு ஜாடிக்குச் செய்வது போல அரிசியை வறுத்து, சூடு ஆறுவதற்குள் துணியில் முடிந்து தந்தாள். மூடி வழியாகக் காற்றுப் போகாமலிருக்க மெழுகு. கல்லைத் தனியாகப் பெயர்க்காமல், அது பூத்திருக்கிற பாறையோடு உடைத்து எடுக்க வேண்டும் என்று ஆயிரம் தடவை சொன்னேன்.

“அடேயப்பா! கல்யாணத்துக்குக்கூட எனக்கு இவ்வளவு புத்தி சொன்னதில்லை” என்று சிரித்தார் அத்தான்.

தை மாதத்தில் திரும்பி வந்தபோது சிரிக்கவில்லை. வலது கையில் முழங்கை வரைக்கும் துணி சுற்றியிருந்தது. கரையில் நிற்க அவருக்குக் கொடுத்தது ஒரு மணி நேரம். வெடிப்பை ஒட்டி அவர் பாறையை உடைத்துக்கொண்டிருக்கும்போது காற்றுத் திரும்பி, ஆவி கையில் பாய்ந்துவிட்டது. உடைத்ததை விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். விடவில்லை. இடது கையால் ஜாடியில் போட்டு, மெழுகை உருக்கி அடைத்து, வெந்த கையோடு சரிவில் இறங்கி வர இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது. கப்பல் இன்ஜினீயர் காத்திருந்து திட்டியதோடு நிற்கவில்லை. ‘அனுமதியின்றி வேலையை விட்டுப் போனவன்’ என்று அவருடைய வேலைச் சீட்டில் எழுதி ரங்கூன் கரையில் இறக்கிவிட்டார். அந்த வாசகம் சீட்டில் இருந்தால் இந்தத் துறைமுகத்தில் எந்தக் கப்பலும் ஏற்றாது. ஜாடியை மட்டும் அத்தான் பத்திரமாகக் கொண்டுவந்தார். பாய்லர் அறைதான் கப்பலிலேயே ஈரமில்லாத இடமென்று, இறங்குகிற வரையில் அங்கேயே தலைமாட்டில் வைத்திருந்தாராம். விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கறுப்புப் பாறையின் ஒரு பக்கம் முழுக்க, உள்ளங்கை அகலத்துக்கு, கத்தரிப்பூ.

மறுநாளே எங்கள் ஆபீஸ் துரையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. சோம்பேறி. கேட்டுவிட்டு, “கல் நீ சொல்கிறபடி இருந்தால் அந்த மனிதன் நம் ஆபீஸ் காரியமாகத்தான் போனான் என்று கப்பலுக்குக் கடிதம் எழுதுகிறேன். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு என் மேசைமேல் இருக்கட்டும்” என்றார். கடிதம் போனால் சீட்டில் அந்த வாசகம் அடிபடும். அத்தானுக்கு வேலை திரும்பும். ஆக, அத்தானின் பிழைப்பு ஜாடிக்குள் உட்கார்ந்திருந்தது.

எங்கள் ஆபீஸில் ஒரு சட்டம். நம்பர் போடாத கல் துரை மேசைக்குப் போகாது. நம்பர் போடுகிறவர் பெரிய குமாஸ்தா. சனிக்கிழமை மத்தியானம் ஜாடியை அவரிடம் ஒப்படைத்தேன். அதன் மேல் ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தாக, ‘திறக்காதே, தண்ணீர் படக்கூடாது’ என்று இங்கிலீஷிலும் தமிழிலும் எழுதி ஒட்டியிருந்தேன். எழுதி ஒட்டிவிட்டால் உலகம் படித்துவிடும் என்று நம்புகிறவன் நான். பெரிய குமாஸ்தா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, “என்ன புரொபஸர், ஊறுகாயா?” என்றார். சிரித்துவிட்டு வந்தேன். ஏன் சிரித்தேன் என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஜாடியை மடியில் கட்டிக்கொண்டு திங்கட்கிழமை வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியவன், சிரித்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை எட்டரைக்கெல்லாம் போய்விட்டேன். துரை மேசைமேல் வெள்ளைத் தட்டு. தட்டில் ஒரு கறுப்புக் கல். சுத்தமாக, ஈரம் துடைத்து, மூலையில் வெள்ளைச் சாயத்தால் அழகாக நம்பர் எழுதியிருந்தது. முதலில் அது வேறு யாருடைய கல்லோ என்றுதான் நினைத்தேன். தட்டைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். கத்தரிப்பூ இருந்த பக்கம் தேன்கூட்டைப் போலத் துளைதுளையாக இருந்தது. துளைகளில் ஒன்றுமில்லை.

கற்களைக் கழுவி வைக்கிறவர் ஒரு பர்மாக்காரப் பெரியவர். எல்லாரும் அவரை ‘ஊலே’ என்போம்; அந்தப் பாஷையில் சித்தப்பா முறை. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நாளில் கற்ற தமிழ் பேசுவார். செவ்வாய்க்கிழமை பிறந்தவர், வாரந்தவறாமல் பெரிய பகோடா கோயிலுக்குப் போய், செவ்வாய்க்கான மூலையில் இருக்கிற புத்தருக்குத் தம் வயதுக்கு ஒன்றாகக் குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவார். எங்கள் கற்களையும் அப்படித்தான் கழுவுவார், வலிக்குமோ என்பது போல. அன்று நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“ஊலே! இதை ஏன் கழுவுனீங்க? யாரு கழுவச் சொன்னா?”

அவர் மிரண்டுபோய் என்னைப் பார்த்தார். “நீதானே தம்பி சொன்னே? எந்தக் கல்லு வந்தாலும் மொதல்ல கழுவணும், மண்ணு இருந்தா துரைக்குக் கோவம் வரும்னு. மூணு தடவை சொல்ல வெச்சே, நானும் மூணு தடவை சொன்னேன். இன்னிக்கு மெதுவாத்தான் ஊத்துனேன். கலர் போச்சு. அழுக்குப் போவுது, நல்லதுன்னு நெனச்சேன்.”

உண்மை. நான் சேர்ந்த முதல் மாதத்தில் ஆற்று மண் ஒட்டிய ஒரு கல் மேசைக்குப் போய், துரை முகம் சுளித்தார். புதிதாய்ச் சேர்ந்த சுறுசுறுப்பு எனக்கு. கழுவாத கல் இனிமேல் மேசைக்குப் போகக்கூடாது என்று சட்டம் போட்டவனே நான்தான்.

“ஜாடி மேல எழுதியிருந்தேனே!”

“எங்கே?”

ஜாடி குழாயடியில் கவிழ்ந்திருந்தது. எடுத்துப் பார்த்தேன். என் எச்சரிக்கை இருந்த இடத்தில் ஆபீஸ் லேபிள். நகத்தால் உரித்தேன். அடியில் என் கையெழுத்து ஒரு எழுத்தும் அழியாமல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்ப் பெரிய குமாஸ்தாவின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“ஆபீஸ் லேபிள் ஒட்ட இடம் வேண்டாமா தம்பி? ஜாடி பூரா நீயே எழுதி வச்சா?” என்றார். அதற்கு மேல் அவர் சொன்னதுதான் இன்னும் காதில் சுடுகிறது. “எதுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்? கப்பல் கரிக்காரன் கப்பல் கரியைக் கொண்டாந்திருக்கான். கழுவினதும் சாயம் வெளுத்துப் போச்சு.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களில் இரண்டு பேருடைய தகப்பனார்கள் இதே துறைமுகத்தில் கரி சுமந்தவர்கள். அது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஒருவன் ஆயிரம் அடுப்புகளைப் பார்த்த கண்ணால் ஒன்றைக் கண்டுபிடித்து, அதற்குத் தன் கையையும் கொடுத்து, அலுங்காமல் கொண்டுவந்து தருகிறான். அவன் சட்டையில் கரி இருந்தால் அவன் கொண்டுவந்ததும் கரிதான். இந்தக் கணக்கைப் போடத் தராசு எதற்கு, ஆபீஸ் எதற்கு?

ஒன்பது மணிக்குத் துரை வந்தார். கல்லைப் புரட்டிப் பார்த்து, எந்த அடுப்படியிலும் கிடைக்கிற கட்டிதானே என்றார். நடந்ததைச் சொன்னேன். வருத்தமாகத் தலையசைத்தார். ஆனால் எந்தக் கல்லைக் காட்டிக் கடிதம் எழுதுவது என்று கேட்டார். அந்த நகத்தளவுத் துண்டை வைத்து நான் செய்த சோதனைக் குறிப்புகளைக் காட்டினேன். “உதவியாளர்களின் குறிப்பை நான் கையெழுத்திட்டு அனுப்புவதில்லை” என்று தாளைத் திருப்பி வைத்துவிட்டார். கழுவிய தண்ணீராவது இருக்கிறதா, காய்ச்சினால் உப்பாவது தங்குமே என்று குழாயடிக்கு ஓடினேன். வாசல் செம்பருத்திக்கு ஊற்றிவிட்டதாக ஊலே சொன்னார். செடிக்கடியில் மண் நனைந்து கிடந்தது. அந்த மண்ணை இரண்டு கையாலும் அள்ளினேன். எல்லாரும் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். அள்ளி என்ன செய்ய? கத்தரிப்பூ எது, ரங்கூன் சேறு எது என்று எந்தத் துரைக்குப் பிரித்துக் காட்ட முடியும்?

அத்தானிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் வீட்டுப் படியிலேயே நின்றேன். என் கையில் காய்ந்திருந்த மண்ணைப் பார்த்தே அவர் புரிந்துகொண்டார். பெரிய குமாஸ்தா சொன்னதையும் நான் மறைக்கவில்லை. ஆபீஸைக் கொளுத்துவேன் என்று ஏதேதோ கத்தினேன்.

“உன் கோவத்தை அடுப்புல போட்டா கப்பல் ரெண்டு மைல் ஓடும் மச்சான்” என்றார். பிறகு, “கழுவுறதுக்கு முன்னாடி நீ பாத்தேல்ல?” என்று கேட்டார்.

“பாத்தேன் அத்தான்.”

“அப்ப இருந்துச்சு.”

அத்தோடு முடித்துக்கொண்டார். அவருக்கு அது போதுமாக இருந்திருக்கலாம். எனக்குப் போதவில்லை. அக்காளுக்கும் போதவில்லை, அன்று அவள் அடுக்களையில் பாத்திரம் வைத்த சத்தத்திலேயே அது தெரிந்தது. இப்போது அத்தான் ஆற்றுக்கு அக்கரையில், சிரியம் போகிற வழியில், ஒரு அரிசி ஆலையில் உமி அடுப்புக்கு முன்னால் நிற்கிறார். வலது கை விரல்கள் முழுக்க மடங்குவதில்லை. மண்வெட்டியைக் கையோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொள்கிறார். விடிந்ததும் சம்பான் படகில் ஏறி ஆற்றைக் கடக்கும்போது, துறையில் நிற்கிற கப்பல்களின் புகையைப் பார்த்து, எதில் நல்ல கரி, எதில் ஈரக்கரி என்று சம்பான்காரனுக்குச் சொல்லிக்கொண்டு போகிறாராம். கடலில் இருக்க வேண்டிய மனிதன்.

அந்த வேலையை நான் விட்டுவிட்டேன். கோபம் என்னை விடவில்லை. மூன்று வருஷமாகப் பெரிய குமாஸ்தாவைத் திட்டினேன், துரையைத் திட்டினேன். திட்டித் தீர்த்த ஒரு நாளில் இன்னொன்று உறைத்தது. லேபிளே ஒட்டாமல் இருந்திருந்தால்தான் என்ன? ஊலேக்கு இங்கிலீஷும் தெரியாது, தமிழ் எழுத்தும் தெரியாது. மடத்தில் படித்தவர், பர்மிய எழுத்து முத்து முத்தாக வாசிப்பார். ரங்கூனிலேயே பிறந்து, ரங்கூன் தண்ணீரையே குடித்து வளர்ந்த எனக்கு, ஜாடியை உண்மையில் கையால் தொடப்போகிறவருடைய பாஷையில் ஒரு வரி எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. அத்தானைக் கரிக்காரன் என்று அவர்கள் பார்த்தார்கள். ஊலேயைக் கழுவுகிறவர் என்று நான் பார்த்தேன்.

வருகிற மார்கழியில் அந்தக் கப்பல் மறுபடி அந்தத் தீவுக்குப் போகிறது. ஸ்டோர் குமாஸ்தாவாக அதில் இடம் வாங்கிவிட்டேன். அதே இன்ஜினீயர்தான். நல்லது, அவரும் மேலே ஏறி வரட்டும். அவர் கண்ணெதிரே உடைத்து எடுத்து, எடுத்த இடத்தையும் எடுத்த நேரத்தையும் எழுதி, அடியில் அவரையே கையெழுத்துப் போடச் சொல்வேன். சுண்ணாம்பும் தீயும் கூடவே கொண்டுபோகிறேன். முதல் சோதனை மலை வாயிலேயே. எந்த வெடிப்பு, காற்று எந்தப் பக்கம் திரும்பும், வாயிலிருந்து எத்தனை சாண் என்று அத்தான் இடது கையால் படம் போட்டுக் கொடுத்திருக்கிறார். கல் அங்கே இல்லாமலும் போகலாம். புத்தகத்தில் இருக்கிற கல்லாகவும் இருக்கலாம். இரண்டையும் யோசித்துவிட்டேன். போகத்தான் போகிறேன்.

நேற்று அக்காள் கற்பூரத்தையெல்லாம் ஒரு காகிதத்தில் கொட்டி மடித்து வைத்துவிட்டுச் சம்புடத்தைத் துடைத்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். “மழைக்காலம் பூரா காப்பாத்துனது இதுதான். கண்ணாடி ஜாடி ஒண்ணும் வேண்டாம். அரிசி கிளம்புற அன்னிக்கு வறுத்துத் தாரேன்.” மூடியின் உட்புறம் வெள்ளைப் பூ இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்க மனம் வரவில்லை. வெளிப்புறத்தில் காகிதம் எதுவும் ஒட்டப்போவதில்லை. ஆணியை எடுத்துப் பித்தளையிலேயே, கெட்டியாக, ‘தண்ணீர் படக்கூடாது’ என்று கீறினேன். கண்டெடுத்தவர் என்று அத்தானின் பெயரைக் கீறினேன். பிறகு சம்புடத்தை எடுத்துக்கொண்டு ஊலேயின் வீட்டுக்குப் போனேன். அன்றைக்குப் பிறகு அவரைப் பார்க்காமலே இருந்தேன். விஷயத்தைச் சொல்லி ஆணியைக் கொடுத்தேன். வெகுநேரம் சம்புடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சம்மணமிட்டு உட்கார்ந்து, மூடியின் நட்ட நடுவில், எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில், பர்மிய மொழியில் ஒரு வரியை மெதுவாகக் கீறினார்.

“என்ன எழுதினீங்க, ஊலே?”

“தண்ணி ஊத்தாதே. கேட்டுட்டுத் தொறன்னு” என்றார்.